நியாயத்துக்குக் கட்டுப்படாத கை

எங்கள் ஊரில் கேம்ப் என்கிற பகுதியில் உள்ள ஒரு கல்லூரியில் இருபது வருடமாகக் கிரேக்கத் தத்துவம் நடத்துகிறேன். வருடா வருடம் அதே சண்டைதான். நல்லது எதுவென்று தெரிந்தவன் தவறு செய்ய மாட்டான் என்றார் அந்தக் கிரேக்கர்களில் ஒரு பெரியவர். தெரிந்தேதான் செய்வான், ஆசையும் பயமும் நியாயம் பேசினால் கேட்காது என்றார்கள் பின்னால் வந்தவர்கள். பெரியவர் வீட்டில் பிள்ளை வளர்த்தது அவர் மனைவியாகத்தான் இருக்கும் என்று சொல்லி வகுப்பில் சிரிப்பு வாங்குவேன். விடைத்தாள் திருத்தியதும் என் தத்துவம் முடிந்துவிடும்.

அப்படி இருக்கும்போது என் ஒரே மகள் கடக்வாஸ்லா ராணுவப் பயிற்சிக்குத் தேர்வானாள். சம்மதப் படிவத்தில் அப்பா, அம்மா இருவரும் கையெழுத்திட வேண்டும். என் கணவர் வங்கிக்காரர். காகிதத்தைக் கண்டதும் போட்டுவிட்டார். தத்துவம் படித்தவள் அப்படிச் செய்யலாமா? நான் காரணங்களோடு உட்கார்ந்தேன்.

முட்டி தாங்காது என்றேன். மருத்துவப் பரிசோதனையில் தேறிய தாளை நீட்டினாள். எஞ்சினியரிங் படித்துவிட்டு யோசிக்கலாமே என்றேன். பிம்ப்ரியில் ஏதோ ஒரு கம்பெனியில் உட்கார்ந்து, போகாமல் விட்டதையே நினைத்துக்கொண்டிருக்கவா என்று கேட்டாள். ரொம்ப தூரம் என்றேன். ஊருக்குள் ஓடும் பஸ்ஸே அங்கு போகிறது.

"சலோ, அடுத்த பாயிண்ட் சொல்லும்மா," என்றாள்.

அவள் சொன்ன அத்தனையும் சரி. என் மாணவி இப்படி வாதாடியிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். எல்லையைக் காக்க ஆள் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அது பக்கத்து வீட்டுப் பெண்ணாக இருக்கட்டும் என்பதுதான் என் தேசபக்தி. என் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் மட்டும் போகவில்லை. அதனிடம் எந்த நியாயமும் எடுபடவில்லை. படிவத்தை நாலு நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கேட்டதற்கு, நல்ல பேனா கிடைக்கவில்லை என்றேன். பேராசிரியை!

கடைசி நாள் காலையில் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். இன்னொரு வாதத்துக்குத் தயாரானேன்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கும்மா," என்றாள். "லேகின் போகணும். நீ கன்வின்ஸ் ஆக வேணாம்."

பயப்படுகிற பெண்ணை எதற்கு அனுப்ப வேண்டும்? நாலு நாளாகத் தேடிய உருப்படியான காரணம் அப்போதுதான் கிடைத்தது. அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் என் கை கையெழுத்தைப் போட்டுவிட்டது.