நிலவேம்புக்கு நான் சொன்ன பத்தியம்

அந்த எவர்சில்வர் குவளை என் கண்ணிலேயே நிற்கிறது. விளிம்பில் பச்சை படிந்திருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் கசப்பு போகாது. அதில்தான் நான்கு மாதம் என் மச்சானுக்கு நிலவேம்புச் சாறு ஊற்றிக் கொடுத்தேன். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. செனாய் ஊரின் தொழிற்சாலைகளுக்குச் சரக்கு லோரி ஓட்டியவன். அவனுக்கு எச்.ஐ.வி. இருந்தது. கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை ஒரு நாள் தவறாமல் விழுங்கி, நன்றாகத்தான் இருந்தான்.

நிலவேம்பை மலாய்க்காரர்கள் ஹெம்பெடு பூமி என்பார்கள். எங்கள் செடெனாக் தோட்டத்தில் ரப்பர் இருந்த காலத்தில், தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வாய்க்கால் ஓரமெல்லாம் அதுதான். பிறகு ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், லயத்தையும் இடித்தார்கள். செடி மட்டும் என் வீட்டு வேலியோரம் வந்து சேர்ந்தது. எதையோ சொல்ல வந்து எங்கோ போய்விட்டேன். அந்தச் செடியைத் தேடி ஒரு நாள் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், நம் தமிழ்ப் பெண்தான். இலைகளைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "கண்ணாடிக் குழாயில வச்சு சோதிக்கிறோம் அங்கிள். இந்தச் சாறு பட்டா எச்.ஐ.வி. கிருமி கொஞ்சம் அடங்குற மாதிரி தெரியுது. ஆனா இது மருந்து இல்ல. மனுசங்களுக்குக் குடுத்துப் பார்க்கவே இன்னும் ரொம்ப தூரம் போவணும்."

முதல் பாதிதான் என் காதில் ஏறியது.

அன்றைக்கே அரைத்தேன். மச்சான் ஒரு வாய் குடித்துவிட்டு, "அலமாக்! கிருமி சாவுதோ இல்லியோ, நான் செத்துருவேன் மாமா," என்றான். எங்கள் தோட்டத்தில் நாட்டு மருந்து என்றால் பத்தியம் உண்டு. மீன் ஆகாது, கத்திரிக்காய் ஆகாது, இங்கிலீஷ் மருந்து ஆகவே ஆகாது; சேர்ந்தால் மருந்து முறிந்துவிடும். யாரும் கேட்காமலே அதையும் சொன்னேன்.

"அப்ப கிளினிக் மாத்திரை?" என்றான்.

"நிப்பாட்டு," என்றேன். நிறுத்திவிட்டான்.

நான்காம் மாதம் இருமல் வந்தது. உடம்பு பாதியாகிவிட்டது. மாத்திரை எப்போது நின்றது என்று மருத்துவமனையில் டாக்டரம்மா கேட்டார். இடையில் விட்டிருந்தால் பழைய மாத்திரை இனிமேல் கேட்காமல் போகலாம், சரியாகத் தெரிந்தால்தான் எதைக் கொடுப்பதென்று பார்க்க முடியும் என்றார். மச்சான் என் பக்கம் திரும்பாமல், "போன வாரந்தான் மறந்துட்டேன் டாக்டர்," என்றான். என் மனைவி அவன் தலைமாட்டில் நின்றிருந்தாள். அவளுக்குக் குவளை தெரியும், பத்தியம் தெரியாது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். டாக்டரம்மா எழுதத் தொடங்கினார்.

"நாலு மாசம் ஆச்சு டாக்டர். நான்தான் நிப்பாட்டச் சொன்னேன்."

மச்சான் சிரிக்கப் பார்த்தான். "கசப்பக் குடிச்சது நானு. உங்க மூஞ்சி ஏன் மாமா இப்படிப் போவுது?"

யாரும் சிரிக்கவில்லை. "தம்பிய நீங்க பாத்துக்குறீங்கன்னு நான் நிம்மதியா இருந்தேங்க," என்றாள் மனைவி.

ரத்தம் எடுத்துப் பார்த்து வேறு மாத்திரை கொடுத்தார்கள். தேறிவிட்டான். லோரி ஓட்டும் தெம்பு திரும்பவில்லை. ஒரு கிடங்கில் காவலுக்கு உட்காருகிறான். இலை ஆராய்ச்சி இன்னும் நடக்கிறதாம். நடக்கட்டும். எனக்குத்தான் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. நான் வேலிப் பக்கம் போனால் மனைவி அடுப்படியை விட்டு வாசலுக்கு வந்து என் கையைப் பார்க்கிறாள். இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறேன்.