டேப்புக்குள் நுழைந்த விரல்

என் அலமாரியில் ஒரு பழைய துணி டேப் கிடக்கிறது. அதைப் பார்த்தாலே எனக்கு இருப்புக்கொள்ளாது. எடுத்து விரிப்பேன், சுருட்டுவேன், மறுபடி விரிப்பேன்.

புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்த கடைசி வருஷங்களில் நான் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். எங்கள் டாக்டருக்கு ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டைக் கன்றுகள் தேவைப்பட்டன. பண்ணையில் கட்டி, ஒன்றுக்கு முழுத் தீனியும் மற்றதற்குப் பாதித் தீனியும் போட்டு, வளர்த்தி எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கப்போகிறார். தனித்தனிக் கருவாக வளர்ந்த இரட்டை அதற்கு உதவாது. நிறமும் சுழியும் ஏமாற்றிவிடும், உயரமும் நீளமும் நெஞ்சுச் சுற்றும் ஒத்துப்போக வேண்டும் என்பார்.

அன்னவாசலுக்குப் பக்கத்தில் உழவு வைத்திருந்த ஒரு சம்சாரி வீட்டில் அப்படி இரண்டு சாம்பல்நிற மயிலைக் காளைக்கன்றுகள் இருந்தன. சம்சாரி கொடுக்க ஒப்புக்கொண்டுவிட்டார். ஈன்றதும் தாய்ப்பசு செத்துப்போக, மூங்கில் குழாயில் பால் புகட்டி அவற்றைப் பிழைக்க வைத்தவள் அவர் மனைவி. டாக்டர் நோட்டோடு நிற்க, நான் அளக்கக் குனிந்தபோது அவள் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டாள்.

“ஏங்கய்யா, ஒண்ணு வயிறாரத் திங்கிறத இன்னொண்ணு பாத்துக்கிட்டே நிக்கணுமாங்க?”

உயரம் ஒத்தது, நீளமும் ஒத்தது. முதல் கன்றின் நெஞ்சுச் சுற்றை ஒழுங்காக அளந்தேன். இரண்டாவதற்கு டேப்பின் அடியில் இரண்டு விரலை நுழைத்துக்கொண்டேன். ஒன்றேகால் அங்குலம் கூடிவிட்டது. டாக்டர் என் கையையே சற்று நேரம் பார்த்தார். பிறகு ‘வேறு வேறு கரு’ என்று எழுதி நோட்டை மூடினார்.

அதன்பிறகு ஆவூர்ப் பக்கமெல்லாம் சைக்கிளில் அலைந்தும் அவருக்கு ஒரு ஜோடி அமையவில்லை. கூடவே போன நான், இன்று சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்து, தினமும் பயந்தேன். தான் ஓய்வு பெற்ற அன்று டாக்டர் என்னைக் கூப்பிட்டு இந்த டேப்பைக் கொடுத்தார்.

“இனியாச்சும் வெரல வெளிய வச்சு அளங்க.”

அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை.

அந்தக் காளைகள் வளர்ந்து கிணற்றில் நீர் இறைக்கும் கமலை இழுத்ததைப் பின்னால் பார்த்தேன். எது எதென்று தெரியவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அம்மாள் கேட்டது டாக்டர் காதிலும் விழுந்ததா? தெரிந்தேதான் எழுதினாரா? கேட்காமலே விட்டுவிட்டேன். டேப்பை இப்போதுதான் சுருட்டி உள்ளே வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி எடுத்துவிடுவேன்.