கும்பிட வந்த புலி

அர்காதி சுவான்காவின் வாய்க்குப் பூட்டுப் போட எங்கள் ஊரில் யாராலும் முடிந்ததில்லை. ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், எங்கள் பிகின் ஆற்றங்கரையில் பனி விழுந்துவிட்டால் ஆண்கள் எல்லோரும் நாயும் துப்பாக்கியுமாக மரநாய் வேட்டைக்குக் கிளம்பிவிடுவார்கள். திரும்பி வரும்போது ஆளுக்கொரு கதையோடு வருவார்கள். ஆனால் அர்காதியிடம் இருந்தது புலிக்கதை. அதுவும் புலி அவனைத் தேடி வந்து கும்பிட்டுப் போன கதை. அதற்கு முன்னால் மற்றவர்கள் கதை எடுபடுமா?

காட்டுக்குள் போனால் நாங்கள் புலியைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. பெரியவர் என்போம். மனித வாடை பட்டாலே ஒதுங்கிப் போய்விடுகிறவர் பெரியவர். அப்படிப்பட்டவர் போன குளிர்காலத்தில் பட்டப்பகலில் அர்காதியின் காட்டுக் குடிசை வாசலில் வந்து நின்றார். இடது காது கிழிந்த ஆண்புலி. அர்காதி துப்பாக்கியைப் பனியில் வைத்துவிட்டு மண்டி போட்டான். புலி அவனையே பார்த்தபடி தலையை மெல்ல மெல்ல ஆட்டியது. வெகுநேரம் நின்றுவிட்டு, தள்ளாடி நடந்து ஆற்றுப்பக்கம் போனது.

அது தலையாட்டியது ஆசீர்வாதம்தான் என்று ஊரே முடிவு கட்டியது. விருந்து வைத்தால் முதல் கோப்பை அர்காதிக்கு. வேட்டைக்குக் கிளம்புகிறவர்கள் துப்பாக்கியைக் கொண்டுவந்து, "தொட்டுக் கொடு, உன் ராசி எங்களுக்கும் ஒட்டட்டும்" என்றார்கள். அவனும் பெரிய பூசாரி மாதிரி தொட்டுக் கொடுத்தான்.

"புலி வந்துட்டுப் போனதுலேர்ந்து இந்த மனுஷன் விறகு பொளக்கிறதில்ல" என்பாள் அவன் மனைவி ஸினா. "பெரியவருக்குச் சம்பந்தி ஆயிட்டாராம். சம்பந்தி கோடாலி தூக்கலாமா?"

பனி உருகத் தொடங்கியபோது கால்நடை டாக்டர் லாரிசா ஊருக்கு வந்தாள். முந்தின இலையுதிர் காலத்திலும் நாய்களுக்குத் தடுப்பூசி போட வந்து, வெறுங்கையோடு திரும்பியவள்தான். ஊசி போட்ட நாய்க்கு மூக்கு செத்துப்போகும், மோப்பம் போனால் அந்த வருஷ வேட்டையே போச்சு என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அன்றைக்கு அவளைக் கேலி பேசி அனுப்பியதிலும் அர்காதிதான் முன்னால் நின்றான். "என் நாய் அல்தாய் மூக்க மழுங்கடிக்கவா வந்தீங்க? டீயக் குடிச்சிட்டுக் கெளம்புங்க டாக்டரம்மா."

இந்த முறை அவளைத் தன் வீட்டிலேயே விருந்துக்கு உட்காரவைத்தான். உறைந்த மீனைச் சீவித் தட்டில் வைத்தாள் ஸினா. அர்காதி கதையை எடுத்துவிட்டான். வழக்கமாகச் சொல்கிற முன்கதையையும் விடவில்லை.

"அதுக்கு முன்னாடியே பெரியவரு எங்கிட்டக் காணிக்கை வாங்கிட்டாரு டாக்டரம்மா. என் அல்தாய் சீக்கா விழுந்தான். கூட வேட்டையாடின நாயைச் சொந்தக் கையால சுடக்கூடாதுல்ல? காட்டுக் குடிசைக்குக் கூட்டிட்டுப் போயி அவுத்து விட்டுட்டேன். மறுதடவை போறேன், அவன் கழுத்து மணி மட்டும் பனியில கெடக்கு. சுத்தி பெரியவரோட காலடி. காணிக்கைய வாங்கிட்டுத்தான் அப்புறமா நேர்ல வந்து தலையாட்டிட்டுப் போனாரு!"

லாரிசா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, நாய்க்கு என்ன சீக்கு?"

"கண்ணுல பீளை. மூக்கு ஒழுகிச்சு. அப்புறம் வாயை வெறுமனே மென்னுக்கிட்டே இருந்தான். காலு வெட்டி வெட்டி இழுக்கும்."

"புலிக்கு எந்தக் காது கிழிஞ்சிருந்துச்சு?"

"இடது." சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது.

"ரோட்டோரம் ஒரு ஆண்புலி செத்துக் கெடந்துச்சு. நான்தான் அறுத்துப் பார்த்தேன்" என்றாள் லாரிசா. "எலும்பும் தோலுமா இருந்துச்சு. அதுக்கும் இடது காது கிழிசல். நாய்க்கு வர்ற டிஸ்டெம்பர் நோய் அண்ணே. மூளை வரைக்கும் ஏறியிருந்துச்சு. மூளைக்குப் போயிட்டா பயம் போயிரும். மனுஷன் யாரு, மரம் எதுன்னு தெரியாது. தலை தானா ஆடும்."

அர்காதி தட்டில் உருகிக்கொண்டிருந்த மீனையே பார்த்தான்.

"என் நாய்கிட்டேர்ந்துதான் வந்துச்சுன்னு..."

"சத்தியம் பண்ண முடியாது. நரிகிட்டேர்ந்தும் வந்திருக்கலாம்." அவள் பொய் சொல்லத் தெரியாதவள். "ஆனா இந்தப் புலிங்க மிச்சமிருக்கிறதே கொஞ்சம். ஒண்ணுக்குள்ள ஒண்ணாப் பொறந்த கூட்டம், எதிர்ப்புச் சக்தி கம்மி. வந்தா தாங்காது. புலிக்குக் காட்டுக்குள்ள போயி ஊசி போட முடியாது. நாய்க்குத்தான் போட முடியும். அக்கரையில ரெண்டு குட்டியோட ஒரு தாய்ப்புலி திரியுதாமே?"

அந்தக் காலடிகளை முதலில் பார்த்ததே அர்காதிதான்.

நரி என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அன்று அவன் படுக்கப் போனான். நரியாக இருக்கட்டும், நரியாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான். மண்டி போட்டுக் கிடந்தது நினைவுக்கு வந்தபோது காதுமடல் சுட்டது. அது நோயில் தள்ளாடியிருக்கிறது. இவன் வரம் கேட்டிருக்கிறான்.

மறுநாள் ஊர்ப் பொதுக்கூடத்தில் லாரிசா ஊசிப் பெட்டியைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். வேட்டைக்காரர்கள் வந்தார்கள், நாய்கள் வரவில்லை. ஸினாவின் தம்பி வலேரிதான் ஆரம்பித்தான்.

"டாக்டரம்மா, எங்க மாமனப் பாருங்க. ஊசி போடாத நாய வச்சிருந்த ஆளு. பெரியவரே வீடு தேடி வந்து கும்பிட்டுப் போனாரு! ஊசி போட்டவன் வீட்டுக்கு வந்திருப்பாரா?"

கூடம் சிரித்தது. "என்ன மாமா, சொல்லு!" என்று முதுகில் தட்டினார்கள்.

அர்காதி தரையைப் பார்த்தான். லாரிசா அவனைப் பார்க்கவில்லை. பெட்டியில் எதையோ அடுக்கிக்கொண்டிருந்தாள். காட்டிக்கொடுத்திருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பான். அவன் மானத்தை அவள் காப்பாற்றியதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. தான் ஊரெல்லாம் பரப்பிய பெருமைதான் இப்போது ஊசிக்குக் குறுக்கே நிற்கிறது என்பது அவனுக்குப் புரிந்தது.

கதவருகே நின்ற ஸினா அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "இத்தனை நாளா பேசின வாய்தானே? இன்னைக்கு எங்க போச்சு?"

அவன் எழுந்து வெளியே போனான். கோபித்துக்கொண்டு போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். திரும்பி வந்தபோது கையில் கயிறு இருந்தது. கயிற்றின் முனையில் அவனிடம் மிஞ்சிய ஒரே வேட்டை நாய் நைதா. அவளை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"போடுங்க டாக்டரம்மா."

"மாமா, மூக்குப் போயிரும்!" என்றான் வலேரி.

"போனாப் போகட்டும்." அர்காதி தலை நிமிரவில்லை, நாயின் பிடரியைப் பார்த்தே பேசினான். "அல்தாய்க்கு வந்தது டிஸ்டெம்பர். நான்தான் ஊசி வேணாம்னேன். நான்தான் அவனக் காட்டுல விட்டேன். பெரியவரு அவனத் தின்னாரு. என் வாசலுக்கு வந்தப்ப அவருக்கு மூளை கலங்கிப் போயிருந்துச்சு. அவரு என்னைக் கும்பிட வரலடா. நான் யாருன்னே அவருக்குத் தெரியல. தான் புலிங்கிறதே தெரியல. நரிகிட்டேர்ந்தும் வந்திருக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. எனக்கு அப்படித் தோணல."

ஊசி இறங்கியபோது நைதா ஒரு முறை முனகினாள். யாராவது திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கடைசியில் வலேரிதான் வாயைத் திறந்தான். "அப்ப என் துப்பாக்கியத் தொட்டுக் குடுத்தியே மாமா..."

"தொடச்சிரு" என்றான் அர்காதி.

வலேரி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, மாமன் முகத்தைப் பார்க்காமலே, தன் நாயைக் கூட்டிவர வீட்டுக்குப் போனான்.