ஒரு கம்பி விட்டுப்போன காது மிஷின்

அறுபதுகளில் பெங்களூரில் ஒரு காது மிஷின் கம்பெனியில் ரிப்பேர் வேலை பார்த்தேன். வெளியாள் திறந்த மிஷினை நாங்கள் சரிசெய்யக் கூடாது என்பது கம்பெனி சட்டம்.

ஒருநாள் காக்ஸ் டவுனிலிருந்து காது கேளாத வாத்தியார் ஒருவர் மனைவியோடு வந்தார். யாரோ ரேடியோ ரிப்பேர்க்காரர் வாத்தியாரின் மிஷினைத் திறந்திருந்தார். உள்ளே ஒரு கம்பிதான் விட்டுப்போயிருந்தது. ஐந்து நிமிட வேலை.

"கம்பெனி ரூல்மா, முடியாது," என்றேன்.

"நாங்க வாங்கின பொருளை நாங்க திறக்கக் கூடாதா சார்?" என்று அந்த அம்மா கேட்டார். காத்திருந்தவர்களும் சத்தம் போட்டார்கள். ஒருவர் வாங்க வந்த மிஷினே வேண்டாமென்று எழுந்துபோனார்.

நான் மூடியை மாட்டித் திருப்பிக் கொடுத்தேன். சரியாகிவிட்டதென்று நினைத்த வாத்தியார், "ரொம்ப தேங்க்ஸ் தம்பி," என்று என் கையைப் பிடித்தார். அப்புறம்தான் அதைக் காதில் மாட்டினார்.

சரிசெய்து கொடுத்தால் வேலை போய்விடுமே என்று பயந்தேன். போயிருந்தால் வேறு வேலை கிடைத்திருக்கும்.