மாமாவின் மடிக்கணினி வேலை செய்த ஞாயிறு

என் அம்மாவின் அண்ணன் ஃபெயாவோ, எங்கள் தீவின் தலைநகரான நுகுவாலோஃபாவின் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிறார். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தங்கை மகள் என்ற உரிமையில் நான் அவரைப் படுத்தாத பாடில்லை.

ஆக்லாந்திலிருந்து மகள் அனுப்பிய புது மடிக்கணினியில், திருச்சபை மாநாட்டுக்கென்று ஒரு பாட்டை இயற்றி, நான்கு குரலுக்கும் சுரங்களை எங்கள் வழக்கப்படி எண்களாகப் பதிந்து வைத்திருந்தார். காகிதத்தில் ஒரு வரி கிடையாது. திங்கட்கிழமை ஒத்திகை. கணினியோ, பாட்டைத் திறந்தாலே நீலத்திரை காட்டி விழுந்துவிடும். நகலெடுக்கப் போனாலும் அதே கதி.

சனிக்கிழமை காலை, சந்தைக்குப் பக்கத்தில் கணினிக் கடை வைத்திருக்கும் சியாலேயைக் கூட்டிவந்தேன். சார்ஜரை மாற்றினாள், நினைவகச் சில்லைக் கழற்றி மாட்டினாள். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றுவாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, விழுகிறதா என்று பார்த்திருப்பாள். நானாக இருந்தால் தூக்கிக் கடலில் போட்டிருப்பேன். கடைசியில், இதை எப்படி அணைக்கிறீர்கள் என்று மாமாவைக் கேட்டாள்.

"சனிக்கிழமை சாயங்காலம் பொத்தானை அமுக்கிப் பிடிப்பேன். ஏதோ வட்டம் சுத்திக்கிட்டு, அணைக்காதேன்னு எழுதி வரும். அதுக்கென்ன தெரியும்? ஞாயிறு ஓய்வுநாள். அன்னைக்கு என் வீட்டுல எதுவும் வேலை செய்யக்கூடாது, புள்ள."

சியாலே தலையில் கைவைத்துச் சிரித்தாள். அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ள உட்காரும்போதெல்லாம் மாமா அதன் கழுத்தைப் பிடித்திருக்கிறார். உள்ளே பாதி பழசு, பாதி புதுசு. எல்லாவற்றையும் இணையத்திலிருந்து மறுபடி இறக்க வேண்டும் என்று மத்தியானம் ஆரம்பித்தாள். எங்கள் தீவின் இணைய வேகத்துக்கு, பொழுது சாய்ந்தும் கால்வாசி தாண்டவில்லை.

"இப்ப அணைச்சா பாட்டு போச்சு, மாமா. விட்டா நாளைக்கும் ஓடும்" என்றாள்.

மாமாவின் விரல் பொத்தான் மேல் போய் நின்றது. நரகத்துக்குக் கணினிதானே போகும், உங்களுக்கென்ன என்று நான் சீண்டினேன். அவர் சிரிக்கவில்லை. விரலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் ஆராதனையில், பாடுவதற்கு முன் அவர் சபையைப் பார்த்துத் திரும்பினார்.

"என் வீட்டுல இன்னைக்கு ஒருத்தன் வேலை செஞ்சுட்டிருக்கான். நிறுத்த எனக்கு மனசு வரல. அந்தப் பாவம் என்னோடது."

யாரும் சிரிக்கவில்லை. போதகர்கூடத் தலை குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்தால் வேலை முடிந்து திரை வெளிச்சமாக இருந்தது. பாட்டு இருக்கிறதா என்று பார்க்கக் கையை நீட்டினேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தொடாத. இன்னைக்கு ஞாயிறு."

அவருக்கு மட்டும் தவிப்பு இல்லையா? அன்று முழுக்க மடியில் கைவைத்து அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை விடிந்ததும் திறந்தார். நீலம் வரவில்லை. எண்கள் வரிசை வரிசையாக நின்றன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரும் அதுவரை கேட்டிராத அந்தப் பாட்டைப் பாட ஆரம்பித்தார்.