டொக்டரிடம் மறைத்த ரியூப்

அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பிழிந்த ஒரு கிறீம் ரியூப். மச்சாளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான். மச்சாள் என் அண்ணனின் மனைவி. அண்ணன் இறந்தபிறகு, துறைமுகப் பக்கத்து நண்டுக் கொம்பனியில் என்னோடு வேலைக்குச் சேர்ந்தார். அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கும் வேலை. காலையில் வாசலில் சுப்பவைசர் எல்லோருடைய கைகளையும் திருப்பிப் பார்ப்பார்; புண் இருந்தால் உள்ளே விடமாட்டார். மச்சாளின் விரல்கள் வெடித்து நீர் வடியத் தொடங்கியதும், மாத முடிவுக்குள் ஆறாவிட்டால் வேறு ஆள் எடுக்கப்படும் என்று சொல்லிவிட்டார். இரண்டு பிள்ளைகளும் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள்.

நண்டு உடைக்கும் எங்கள் அறையில் ஒருத்திக்கு அரிப்பெடுத்தால் இன்னொருத்தி தன் ரியூபை நீட்டுவாள். அப்படிப் பழகிய கிறீமைத்தான் மச்சாள் பிறகு பாமசியில் டொக்டரின் துண்டில்லாமல் வாங்கிப் பூசினார். முதலில் அடங்கியதுபோல் இருக்கும். பிறகு முன்னையைவிட மோசமாகச் சிவக்கும். அவரோ இன்னும் தடிப்பாகப் பூசுவார். பழியெல்லாம் சாப்பாட்டின் மேல் விழுந்தது. கத்தரிக்காயை விட்டார், இறாலை விட்டார், கடைசியில் வெறும் சோறும் பருப்பும்தான்.

நான்தான் அவரைத் தோல் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். புறப்படும் முன் கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினார். டொக்டருக்கு முன்னால் பூச்சோடு நிற்பது மரியாதையில்லையாம். உண்மையில், கேட்காமல் மருந்து வாங்கியதற்கு ஏச்சு விழும் என்ற பயம். ஏதும் பூசினீர்களா என்று அங்கிருந்த பெண் டொக்டர் கேட்டார்.

“இல்லை டொக்டர், ஒண்டும் பூசேல்லை.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மச்சாள் கண்ணாலேயே கெஞ்சினார், பேசாமல் இருந்துவிட்டேன். டொக்டர் இன்னும் வலுவான ஒரு கிறீமை எழுதித் தந்தார். அதைப் பூசிய கை பொங்கி வீங்கியது. செருப்பு வெட்டிய காலிலும் கொஞ்சம் தடவியிருந்தார். நண்டுத் தண்ணீர் படாத அந்தக் காலும் அப்படியே வடிந்ததைக் கண்டபோதுதான் எனக்கு விளங்கியது. நண்டுமில்லை, கத்தரிக்காயுமில்லை. மருந்துதான்.

மாத முடிவு நெருங்கிவிட்டது. திரும்பவும் கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்று மச்சாளிடம் கறாராகச் சொன்னேன். நம்பர் கூப்பிட்டதும் அவர் எனக்கு முன்னே எழும்பினார். உள்ளே போனதும் ரியூபை எடுத்து மேசையில் வைத்தார்.

“இதைத்தான் முதலிலையிருந்து பூசினனான் டொக்டர். ஏசாதேங்கோ.”

டொக்டர் ஏசவில்லை. இரண்டு கிறீமையும் உடனே நிறுத்தச் சொன்னார். பிறகு முதுகில் பல பொருள்களைத் தனித்தனியாக ஒட்டிப் பார்த்தார்கள். ஓரிடம் மட்டும் சிவந்து தடித்தது. கிறீம் பழுதாகாமல் இருக்கச் சேர்க்கும் ஒரு பொருள் மச்சாளின் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை; அது இரண்டு கிறீமிலும் இருந்தது. அது இல்லாத களிம்பு கொடுத்தார்கள். கை ஆறியது. அந்தக் கையோடு கொம்பனி வாசலுக்குப் போனபோது மாதம் முடிந்திருந்தது. அவருடைய இடத்தில் வேறொருத்தி நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது மச்சாள் விடிய எழும்பிக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறார். கொம்பனிச் சம்பளத்தில் பாதிதான் தேறும். விரல்களில் ஒரு வடுகூட இல்லை. அன்றைக்கு ஒருநாள் மாப்பிசைந்தபடி, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

“ஏசியிருந்தாலும் அந்த டொக்டர் அஞ்சு நிமிசம்தானே ஏசியிருப்பா.”