யூனிட்காரர் வீட்டு வோல்டேஜ்

லாரிகளின் எடையை மைக்கில் வாசித்தே எடைமேடையில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர் அவர். மாடியில் சோலார் வைத்த பிறகு அந்த வாய்க்கு மறுபடி வேலை வந்தது. கைப்பேசியைப் பார்ப்பார், தொண்டையைச் செருமுவார், "கவனிக்கவும். இதுவரைக்கும் பதினெட்டு யூனிட்" என்பார். பால்காரர்கூடத் தப்ப முடியாது. தெருவே அவரை யூனிட்காரர் என்றுதான் கூப்பிட்டது.

ஒரே தொல்லை, உச்சி வெயிலில் சோலார் இன்வெர்ட்டர் 'டக்'கென்று நின்றுவிடும். அதற்குச் சற்று முன்பே கீழறையில் மனைவியின் எம்பிராய்டரி மெஷினும் பாதித் தையலில் நின்றிருக்கும். நாளைக்குள் சிங்கம் போட்ட பள்ளிக்கூட பேட்ஜ்களைத் தைத்துக் கொடுத்தாக வேண்டும். தவறினால் அடுத்த வருட ஆர்டர் வேறு கடைக்குத்தான்.

"நாலு சிங்கத்துக்கு வால் இல்லீங்க," என்றார் மனைவி.

"லைன்ல கோளாறு. நம்ம பக்கம் சுத்தம்."

இன்வெர்ட்டர் மெக்கானிக்கான மனைவியின் தம்பி வந்து, மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மாமா, இது லைனோட கடைசி வீடு. வெயில் ஏற ஏற நீங்க லைனுக்குத் தள்ளுற கரண்டுல வோல்டேஜும் ஏறுது. அக்கா மெஷின் பயந்து நிக்குது. அப்புறம் உங்க இன்வெர்ட்டரே தன்னைப் பாத்து பயந்து நிக்குது."

"அப்ப பழி எம்மேலயா மாப்ள?"

"பழியெல்லாம் எதுக்கு. இதுல ஒரு செட்டிங் இருக்கு. வோல்டேஜ் ஏறுனா தள்ளுற கரண்ட இதுவே இழுத்துப் பிடிச்சுக்கும். கரண்டு ஆபீஸ்லயும் அதத்தான் வைக்கச் சொல்றாங்க."

"யூனிட் குறையுமா?"

"உச்சி நேரத்துல கொஞ்சம் குறையலாம்."

லோடு இல்லாத லாரி மேடையேறியதைப் பார்த்ததுபோல் அவர் முகம் வாடியது. "மழைக்காலத்துல வெச்சுக்கலாம், என்ன அவசரம்?"

மனைவி கத்தரிக்கோலை மைக்காகப் பிடித்தார். அதே செருமல், அதே இழுவை.

"கவனிக்கவும். வாலில்லா சிங்கம், இதுவரைக்கும் நாலு. அஞ்சாவது மேடைக்கு வரவும்."

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். யூனிட்காரர் உதட்டைக் கடித்துப் பார்த்தார், அடக்க முடியவில்லை.

"வெச்சுத் தொலை மாப்ள."

அன்று உச்சி வெயிலில் 'டக்' கேட்கவில்லை. மெஷின் நிற்காமல் ஓடியது. பொழுது சாய்வதற்குள் கடைசிச் சிங்கத்துக்கும் வால் முளைத்தது.

அதைக் கண்ணால் பார்த்த பிறகே யூனிட்காரர் செருப்பை மாட்டினார். கைப்பேசியை எடுக்கவில்லை. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

"உங்க வீட்ல இப்ப வோல்டேஜ் எப்படி இருக்கு?"

எதிர்வீட்டுக்காரர் விழித்தார். "நல்லாத்தான் இருக்குபோல. ஏன் கேக்கறீங்க?"

"இருக்கும், இருக்கும்," என்று தொண்டையைச் செருமினார். "நாங்கதான் பாத்துக்கறோம்."